ஆறரைப் பேருக்கு ஒரு தாள்

ஜனவரி 6, திங்கள்

லாரி புக்கிங் ஆபீஸில் வருஷம்தோறும் கொடுக்கிற டைரியில் இதுவரை விலை மட்டும்தான் எழுதி வந்திருக்கிறேன். உளுந்து ஒரு வரி, பாசிப்பயறு ஒரு வரி, துவரை ஒரு வரி. மீதிப் பக்கம் வெள்ளையாகவே போகும். இந்த வருஷம் அதையும் நிரப்பலாம் என்று யோசனை. காரணம், ஒரு கல்லூரி வாத்தியார் மண்டிக்கு வந்து, என்னை வகுப்பெடுக்க வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெயர் இளம்பரிதி. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். அரசியல் அறிவியல் துறை. அவர் வந்து நின்ற நேரம் நான் ஒரு வண்டி உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைப் பிரித்துக் காட்டிய மூட்டையில் சரக்கு மணி மணியாக இருந்தது. நான் வாய்ப்பக்கம் போகவே இல்லை. குத்தூசியை எடுத்து மூட்டையின் அடிவயிற்றில் செருகினேன். ஒரு முழ நீள இரும்புக் குழல் அது. உள்ளே கிடக்கிறதை இழுத்துக் கையில் கொட்டும். கொட்டியதில் பாதி பொக்கு, பாதி மண்.

"என்ன அண்ணாச்சி, வாய்க்கு ஒரு சரக்கு, வயித்துக்கு ஒரு சரக்கா?" என்றேன். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார்.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதத்தாம்மா போன வருஷம் முழுக்கப் பிள்ளைங்களுக்குப் புரிய வைக்கப் பாத்தேன்."

எம்.ஏ. மாணவர்களுக்கு அரசியலும் தரவுப் பகுப்பாய்வும் சேர்ந்த ஒரு புதுப் பாடமாம். அரசாங்கம் எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானம் போடுகிறது, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதாம். தொழில் தெரிந்த வெளியாள் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதாம். வாரம் ஒரு நாள், புதன் மதியம்.

"நான் பத்தாவதோட நின்னவ சார்."

"நான் பி.எச்டி.ம்மா. எனக்கு மூட்டை குத்தத் தெரியாதே."

ஆள் பேசத் தெரிந்தவர்தான். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மண்டியை ஊருக்கு வெளியே பைபாஸுக்கு மாற்றலாமா என்று நகராட்சி யோசிக்கிறதல்லவா, அதைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் வேலையைக் கல்லூரியிடம் கொடுத்திருக்கிறார்களாம். மாணவர்களுக்கு அதுதான் செய்முறைப் பயிற்சி. நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மாற்றலாம் என்றால் தீர்மானம் போட்டுவிடுவார்களாம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பைபாஸில் நமக்கு மூன்று ஏக்கர் கிடக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 13, திங்கள்

நாளை பொங்கல். நம் சரக்குக் கிட்டங்கியில் பருப்புப் புடைக்கிற பெண்கள் இருபத்தாறு பேருக்கும் சேலை கொடுத்தேன். குருவம்மா வழக்கம்போல நிறத்தில் குறை சொன்னாள். "மொதலாளியம்மாவுக்கு மயில் கழுத்து, எங்களுக்கு மட்டும் செங்கல் பொடியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. பதினேழு வயதில் நான் சொளகு பிடிக்க வந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து, கல் வேறு பருப்பு வேறு என்று மணிக்கட்டைத் திருப்பச் சொல்லித் தந்தவள். ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். முதல் பஸ் ஆறு மணிக்கு மண்டியின் பின்வாசலில் நிற்கும். நாலு மணிக்கு அதே பின்வாசல், அதே பஸ். முன்வாசலை நான் பார்த்ததே, தரையில் சிந்திய பருப்பைக் கூட்டி வாங்கி, சுத்தம் செய்து விற்க ஆரம்பித்த பிறகுதான்.

மண்டி முழுக்க இப்படிப் புடைக்கிறவர்கள் முந்நூற்றைம்பது பேருக்குக் குறையாது.

உளுந்து இறக்கம். துவரை அப்படியே.

ஜனவரி 22, புதன்

முதல் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு மூட்டை பாசிப்பயறை ஆட்டோவில் கொண்டுபோனேன். மேலே நல்ல சரக்கு, நடுவில் சுமார், அடியில் குப்பை. நானே கட்டியது.

"இந்த மூட்டைக்கு என்ன வெல சொல்லுவீங்க?"

ரூபன் என்று ஒரு பையன், முன்வரிசை, துறுதுறுவென்று. வாய்ப்பக்கம் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "முதல் தரம் மேடம்," என்றான். குத்தூசியை அவன் கையிலேயே கொடுத்து அடியில் குத்தச் சொன்னேன். கொட்டியதைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

"நீ என் கடையில கொள்முதலுக்கு இருந்தா நான் மறுபடியும் சொளகு பிடிக்கப் போகணும்பா," என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு பரிதி சார் பலகையில் எழுதினார். மூட்டைதான் முழுமை, கையில் கொட்டியதுதான் மாதிரி. மாதிரி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பாதே. ஒரு தேர்தல் கணிப்பை எடுத்து, அவர்கள் போனில் மட்டும் கேட்டார்கள், போன் இல்லாத வீடு என்ன நினைத்தது என்று கேட்டார். அரசியல் என்பது யாரை எண்ணுகிறோம் என்பதில் தொடங்குகிறது என்றார். நன்றாகச் சொல்கிறார். எனக்கே கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு பெண், சங்கரேஸ்வரி. எதற்கும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் குத்தூசி மேடம். வராந்தாவில் காதில் விழுந்தது. பரவாயில்லை.

பிப்ரவரி 5, புதன்

கருத்துக் கேட்கிற தாள் தயார். வயது, ஆணா பெண்ணா, தொழில், அப்புறம் ஒரே கேள்வி: மண்டியை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? இரண்டு கட்டம்.

பரிதி சார் ஊர் வரைபடத்தை விரித்தார். "மண்டி உங்க எடம்மா. எங்க நின்னு கேட்டா சரியா இருக்கும்?"

முன்வாசல் என்றேன். காலை பத்து மணிக்கு மேல், ஒரு மணி வரை. வியாபாரி, விவசாயி, லாரிக்காரர், சாமான் வாங்க வருபவர், எல்லோரும் அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் வருவார்கள். பத்து மணி என்றால் பிள்ளைகளுக்கும் வசதி. அவர் அப்படியே குறித்துக்கொண்டார்.

பாசி வரத்து ஆரம்பம். மதியம் நான்கு வண்டி. குருவம்மா இருமிக்கொண்டே இருக்கிறாள். மூக்கில் துணி கட்டு என்றால் கேட்பதில்லை.

பிப்ரவரி 12, புதன்

பிள்ளைகள் முன்வாசலில் கழுத்தில் அட்டை தொங்க நின்றார்கள். மண்டியே வேடிக்கை பார்த்தது. தவமணி தராசை விட்டுவிட்டு வந்து பார்த்துப் போனார். புருஷன் என்று பெயர், ஆனால் வேடிக்கை என்றால் என்னைவிட முன்னால் நிற்பார்.

ரூபன் என்னிடமும் ஒரு தாளை நீட்டினான். "மேடம், நீங்களும் மண்டிக்கு வர்றவங்கதானே." மறுக்க முடியுமா? நிரப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். இன்று வயதுக் கட்டத்தை மட்டும் பார்த்தோம். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. நடுவில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

"ஊர்ல இருக்கிற எல்லாரும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரந்தான் பொறந்தாங்களா?" என்று பரிதி சார் கேட்டார்.

ரூபனைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தாளை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினானோ என்று. நான்தான் அவனைக் காப்பாற்றினேன். நம் ஊரில் வயதைக் கேட்டால் மனுஷர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஏறக்குறைய. பொய்யாக எழுதுகிறவன்தான் முப்பத்தேழு, நாற்பத்துமூன்று என்று மெனக்கெட்டு எழுதுவான். இதுதான் அசல் சரக்கு என்றேன். பரிதி சார் மேஜையைத் தட்டினார்.

வகுப்பு முடிந்து கேண்டீனில் டீ. அவர் வேலை ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறதாம். வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். மார்ச் இருபதாம் தேதி அறிக்கையைக் கொடுத்தால் அடுத்த வருஷமும் இருப்பார். "கைக்கொழந்தைம்மா. இந்த நேரத்துல ஊர் மாத்த முடியாது," என்றார். அவர் வேலைக்கும் என் நிலத்துக்கும் ஒரே தாளில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

பிப்ரவரி 26, புதன்

எண் வந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்பவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தேழரை. அறுபதுக்கு இரண்டரை குறைவு.

வெயில் கடுமை. தலைவலி.

சங்கரேஸ்வரி எழுந்தாள். இந்தப் பருவத்தில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"சார், நானூத்திப் பன்னெண்டுல பொம்பளைங்க எத்தனை பேர்?"

பார்த்தார். முப்பத்தொன்று.

"நான் ஊர்ல இருந்து முதல் பஸ்ல வாரேன் சார். ஆறு மணிக்கு மண்டிப் பின்வாசல்ல பஸ்ஸே பாதி காலியாயிரும். அத்தனையும் பொம்பளைங்க. அவுங்கள்ல ஒரு ஆளக்கூட நாம கேக்கல."

வகுப்பு என்னைப் பார்த்தது. மண்டி என் இடமாயிற்றே.

"அவங்க வேலைக்கு வர்றவங்கம்மா," என்றேன். "மண்டி எங்க இருக்கணும்னு அவங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்துரப் போகுது?"

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். கொண்டுவரவில்லை.

சங்கரேஸ்வரி உட்காரவில்லை. "மூட்டைய வாய்ப்பக்கம் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

பரிதி சார் குறுக்கே வந்து, பெண்கள் குறைவாக வந்தால் சரி செய்ய ஒரு முறை இருக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். கெட்டிக்காரர்.

மார்ச் 5, புதன்

எழுபத்தொன்று.

அந்த முறை இதுதான். ஊரில் பாதிப் பேர் பெண்கள். நம் தாளில் நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொருவர்தான். அதனால் வந்த ஒவ்வொரு பெண்ணையும் ஒரு ஆளாக எண்ணாமல் ஆறரைப் பேராக எண்ண வேண்டும். ஆணை அரை ஆளாக எண்ண வேண்டும். தராசில் குறைந்த பக்கம் கல்லை ஏற்றுகிற மாதிரி. எனக்கு உடனே புரிந்தது. அந்த முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் மாற்ற வேண்டும் என்றவர்கள். ஆறரையால் பெருக்கியதும் ஐம்பத்தேழு எழுபத்தொன்றாகிவிட்டது.

சங்கரேஸ்வரி கேட்ட கேள்வியே அறுபதைத் தாண்ட வைத்துவிட்டது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"சரி, அந்தப் பெண்கள் யார் யாருன்னு பாத்துருவோம்," என்று பரிதி சார் பட்டியலைச் சுவரில் போட்டார். பெயர் இல்லை. வரிசை எண், வயது, தொழில், பதில், கடைசியில் எடை. குடும்பத் தலைவி, நாற்பது, காரில் சாமான் வாங்க வந்தவர். ஆசிரியை, ஐம்பது. கடை உரிமையாளர் மனைவி, நாற்பத்தைந்து. குடும்பத் தலைவி, ஐம்பத்தைந்து. புடைப்பவர் ஒருவர்கூட இல்லை.

நடுவில் ஒன்று. வரிசை எண் 188. வயது 46. அந்தப் பட்டியலிலேயே ஐந்திலும் முடியாத, பூஜ்யத்திலும் முடியாத ஒரே வயது. தொழில், பருப்பு வியாபாரம். பதில், மாற்ற வேண்டும். எடை, 6.65.

நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ரூபன் திருப்பவில்லை.

"மேடம்! இது உங்க தாள்தானே! நான்தான் எடுத்தேன்!"

பெருமையாகச் சொன்னான். அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. பின்னால் யாரோ, "மேடம் ஒத்த ஆளு ஆறரைப் பேருடா," என்றார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சங்கரேஸ்வரி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் பரிதி சார் கூடவே வந்தார்.

"நான் செஞ்சது விதிப்படி சரிதாம்மா. எல்லா இடத்திலயும் இப்படித்தான் செய்வாங்க. ஆனா உள்ள வராத ஆளுக்கு எடை எப்படிப் போடுறது? கார்ல வந்த அம்மாவ ஆறரை தடவ எண்ணினா அதுல ஒரு புடைக்கிற அம்மா வந்துருவாங்களா?"

"நீங்கதான் சார் படிச்சவர்."

"மண்டிய உங்களுக்குத்தான் தெரியும். சரியா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா சமர்ப்பிச்சுருவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சரக்கைப் பார்த்ததும் விலை சொல்கிறவள் நான்.

மார்ச் 6, வியாழன்

தவமணியிடம் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வாத்தியாரே சரிங்காரு. நீ சரின்னு சொல்லு. மண்டி அங்க போனா நம்ம எடந்தான் மொத வாசல்."

"அந்தப் பொம்பளைங்க?"

"ஆறரைப் பொம்பளை நீ ஒருத்தி இருக்கியே, போதாதா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் மதியம் வரை அவரிடம் பேசவில்லை.

உளுந்து நூறு ஏறியது. வரத்துக் குறைவு.

மார்ச் 7, வெள்ளி

கிட்டங்கியில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தேன். இருபத்தாறு சொளகும் ஒரே தாளத்தில் தட்டுகிற சத்தம். குருவம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன மொதலாளியம்மா, காலேஜ் பக்கம் போகலியா? பரிட்சையில பெயிலா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

இன்று இன்னது என்றில்லாமல் ஒரு கோபம். லாரி டிரைவரிடம் காட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

மண்டி விடுமுறை. பைபாஸ் நிலத்தைப் பார்த்துவர ஸ்கூட்டரில் போனேன். முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். போகிற வழியில் பஸ் நிறுத்தம் எங்கே என்று பார்த்தேன். இல்லை. இரண்டு வருஷமாக வந்து போகிறேன், இன்றுதான் பார்த்தேன். எனக்கு ஸ்கூட்டர் இருக்கிறது.

திரும்பி வந்து பரிதி சாருக்குப் போன் போட்டேன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பின்வாசலுக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். "இருபதாம் தேதிக்குள்ள திரும்ப எல்லாத்தையும் முடிக்க முடியுமான்னு தெரியலம்மா," என்றார். பிறகு, "சரி, வாரோம்," என்றார்.

இதில் பெரிய மனசு ஒன்றுமில்லை. அறிக்கையில் ஓட்டை இருந்தால் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார். குறைச் சரக்கு என்று தெரிந்தால் வண்டி ஏறுமுன் இறக்கிவிட வேண்டும். தொழில்.

மார்ச் 10, திங்கள்

இதை மண்டியில் இருந்தே எழுதுகிறேன். மணி பத்து.

ஆறு மணிக்குப் பஸ் வந்தது. சங்கரேஸ்வரி அதிலேயே வந்து இறங்கினாள், புடைக்கிறவர்களோடு. ரூபனும் இன்னும் பத்துப் பேரும் ஏற்கெனவே அட்டையும் தாளுமாக நின்றார்கள். பரிதி சார் தூக்கக் கண்ணோடு ஒரு ஓரத்தில். நான் கேட் பக்கத்தில். இந்த நேரத்துக்கு இந்தக் கேட்டில் நான் நின்று இருபது வருஷம் ஆகிறது.

முதல் தாள் குருவம்மாவுக்கு. ரூபன்தான் கேட்டான்.

"பாட்டி, மண்டிய பைபாஸுக்கு மாத்தணுமா, வேணாமா?"

"யாருலே ஒனக்குப் பாட்டி? ஆத்தான்னு சொல்லு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "கனி என்ன சொல்லிச்சு?"

முதலாளியம்மா என்று சொல்லவில்லை. பழையபடி என் பெயர்.

"மேடம் மாத்தணும்னு போட்டிருக்காங்க," என்றான் ரூபன்.

"அப்ப எனக்கும் அதையே போட்டுக்க."

பின்னால் நின்றவளும் "கனியக்கா சொன்னதுதான்" என்றாள். அதற்கும் பின்னால் நின்றவள், "எல்லாருக்கும் ஒண்ணாவே போடுப்பா, வேலைக்கு நேரமாகுது." அடுத்தவள் தாளைப் பார்க்கக்கூட இல்லை. ரூபன் பேனா ஓடியது. ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாம் ஒரே கட்டத்தில்.

சங்கரேஸ்வரி எழுதவில்லை. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ரூபா, நிறுத்து," என்றேன்.

நிறுத்தினான்.

"எக்கா, நான் அங்க எடம் வாங்கிப் போட்டிருக்கேன். மூணு ஏக்கர். மண்டி அங்க வந்தா எனக்கு லாபம். அதுக்காகத்தான் மாத்தணும்னு போட்டேன். முன்வாசல்ல வச்சு மத்தவங்ககிட்ட மட்டும் கேக்கச் சொன்னதும் நான்தான்."

பரிதி சார் தரையைப் பார்த்தார்.

குருவம்மா சிரித்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள். "எடம் வாங்குனது தெரியுமே. பத்திரம் எழுதுன அன்னைக்கே மண்டிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா நான் போட்டதையே போடச் சொன்ன?"

"எடம் வாங்குனவ, நாங்க வந்து எறங்க ஒரு பஸ்ஸும் கேட்டு வாங்கியிருப்பேன்னு நெனச்சோம். அதான் ஒன் பேச்சுல விட்டோம். கேட்டியா?"

நான் பஸ் பக்கம் பார்த்தேன்.

"கேட்டியாடி?"

"இல்ல."

"நெனைச்சாவது பாத்தியா?"

இருபத்தாறு பேருக்குச் சேலை நிறம் வரை யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்தேனா, யோசிக்கக் கூடாது என்று இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதுகூட முழு உண்மையா என்று சந்தேகம்.

குருவம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். ரூபன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவள், அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைச் சங்கரேஸ்வரியிடம் நீட்டினாள்.

"இந்தா தாயி. இத அடிச்சுட்டு நான் சொல்லுறத எழுது. மாத்தக் கூடாது. மாத்தித்தான் ஆகணும்னா காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அப்புறம் ஒரு கக்கூஸு. இங்கயும் இல்ல. நாப்பது வருஷமா இல்ல. எழுதிட்டியா?"

"கட்டம் ரெண்டுதான் இருக்கு ஆத்தா."

"பின்னாடி எடம் இருக்குல்ல?"

பின்பக்கத்தைத் திருப்பி எழுதினாள். மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பின்பக்கம் நிரம்பியது. வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். முதலாளிகள் வந்து சத்தம் போட்டார்கள். என் இருபத்தாறு பேருக்கு நானே முதலாளி, நான் யாரிடம் சத்தம் போட.

குருவம்மா உள்ளே போகும்போது என்னைத் தாண்டிப் போனாள். குறைகூடச் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளில் நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். அதில் மாற்றலாம் என்பவர்கள் பத்தொன்பது பேர். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணியதில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று.

தவமணிக்குக் கோபம் தீரவில்லை, இன்றும் சாப்பாடு தனியாக.

மார்ச் 20, வியாழன்

பின்பக்கத்தில் எழுதியதை என்ன செய்வது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பரிதி சார் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையால் பிரிக்க வைத்தார். பஸ் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை பேர், தூசி எத்தனை பேர். அதனால் அறிக்கை இன்று முடியவில்லை. இன்னும் நான்கு நாள் ஆகும் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். "ஒப்பந்தம்?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அந்தத் தோளில் ஒரு துண்டு, குழந்தை கக்கிய பால் கறையோடு. கல்லூரிக்கு அப்படியே வந்துவிட்டார்.

மார்ச் 26, புதன்

கடைசி வகுப்புக்கு முந்தின வகுப்பு. அறிக்கை போய்விட்டது. ஒப்பந்தக் கடிதம் வரவில்லை. தீர்மானம் தள்ளிவைப்பு என்று நகராட்சியில் சொல்கிறார்கள். நிலத்தைக் கேட்டு வந்திருந்த ஒரு தரகர் போனை எடுப்பதில்லை.

வகுப்பில் நான் ஒன்று கேட்டேன். வரிசை எண் 188ஐ எடுத்துவிடலாமா என்று.

பரிதி சார் மாட்டேன் என்றார். "அதுவும் ஒரு பதில்தாம்மா. பிடிக்காத தாள எடுக்க ஆரம்பிச்சா அப்புறம் நமக்கும் மூட்டை கட்டுறவருக்கும் என்ன வித்தியாசம்?"

சரி, அதன் எடை இப்போது எவ்வளவு என்று கேட்டேன். சங்கரேஸ்வரி சுவரில் போட்டுக் காட்டினாள். பெண்கள் இப்போது நூற்று நாற்பத்தொன்பது பேர். அதனால் ஆறரை இறங்கி ஒன்றே முக்காலுக்கு வந்திருக்கிறது.

"இன்னும் முக்கால் ஆள் கூட இருக்கே," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "என்னை ஒத்த ஆளாக்க இன்னும் எத்தனை பேரைக் கேக்கணும்?"

காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். "ஆம்பளைங்க முந்நூத்தி எம்பத்தியொண்ணு. பொம்பளைங்களும் அவ்வளவு வரணும். இன்னும் இருநூத்தி முப்பத்திரெண்டு பேர் மேடம்."

மண்டியில் புடைக்கிறவர்களில் கேட்காமல் விட்டவர்கள் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான்.

அறிக்கை போய்விட்டது, இனிமேல் கேட்டு என்ன பயன் என்று ரூபன் கேட்டான். நியாயமான கேள்வி. இருபது வெற்றுத் தாளை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு கட்டத்தையும் மாவு மில்லில் மூட்டை மேல் ஒட்டுகிற வெள்ளைக் காகிதத்தால் மறைக்க வேண்டும். பின்பக்கம் போதும்.

மார்ச் 27, வியாழன்

உளுந்து விலை பார்க்கவில்லை. ஆறு மணிக்குப் பின்வாசல். பதினாலு பேர் நின்று சொன்னார்கள். குருவம்மா பதினைந்தாவதாக வந்து நின்று, "எனக்குத்தான் எழுதியாச்சே, நீ ஒழுங்கா எழுதுறியான்னு பாக்க வந்தேன்," என்றாள்.